உன்னை ஏன் மலைக்கு அழைத்து வந்தேன்

அன்புள்ள சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். யாழினியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று உனக்கும் நித்யாவுக்கும் ஒரு மாதமாக நடக்கும் பேச்சைச் சொல்லிக்கொண்டே வந்தவன், நடுவில் சாதாரணமாகத்தான் கேட்டாய்: "ஏம்மா, நாலாவது முடிச்சதும் என்னை எதுக்குக் கீழ ஸ்கூல்ல இருந்து நிறுத்தி மேல கூட்டிக்கினு வந்தீங்க?" நான் யோசிக்கவே இல்லை. "பஸ்ல ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி எடுப்பியே, அதான்டா" என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். இருபத்து நான்கு வருடங்களாகக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொல்லி வந்த பதில் அது. சிலருக்கு வாந்தி என்று சொன்னேன், சிலருக்குக் கொள்கை என்று சொன்னேன். போனை வைத்த பிறகு உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து, "இன்னும் எத்தினி நாளைக்கு அவன வாந்தி எடுக்க வைப்ப?" என்று கேட்டார்.

திரும்ப உனக்கு போன் பண்ணத்தான் நினைத்தேன். அப்பாதான் வேண்டாம் என்றார். "போன்ல சொன்னா நீ பாதியில அழுவ, அவன் பாதியில மீட்டிங்னு வச்சிடுவான். எழுதிடு." அதனால் இன்று காலை சமையலை முடித்துவிட்டு, பள்ளியில் மிஞ்சிப்போன ரெக்கார்டு நோட்டுத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கம் கோடு போட்டது, ஒரு பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் படம் வரையச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுவேன். இதற்குப் படம் எதுவும் இல்லை. நீளமாகத்தான் இருக்கும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம்.

ஜமுனாமரத்தூரில் நாம் இருந்த குடியிருப்பில் எட்டு வீடுகள். எதிரில் கால்நடை மருத்துவர், பக்கத்தில் மின்வாரியப் பொறியாளர், அந்தக் கோடியில் ஒன்றிய அலுவலகத்துக்காரர், நடுவில் ஆஸ்பத்திரி மருந்தாளுநரான உன் அப்பாவும் ஆசிரியையான நானும். எல்லோரும் மலைக்குக் கீழே இருந்து மாற்றலாகி வந்தவர்கள். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் எட்டு வீட்டுக்கும் தெரியும். அப்படி ஒட்டி இருந்தோம். அந்த எட்டு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருந்தது: பிள்ளைகள் கீழேதான் படிக்கும். போளூர், திருவண்ணாமலை, வேலூர், எங்கே சொந்தக்காரர் வீடு இருக்கிறதோ அங்கே. இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று இத்தனை வருடம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை. நாம் குடிவந்த முதல் வாரத்தில் டாக்டர் வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பையன கீழ எங்க சேக்கப் போறீங்க?" என்று கேட்டார். உனக்கு அப்போது மூன்று வயது. கீழே சேர்க்கப் போகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார். நானும் அதுவரை யோசித்தே பார்க்காத ஒன்றுக்குப் பதில் சொன்னேன். "கலசபாக்கத்துல என் தங்கச்சி வூடு கீதுக்கா." முடிவு செய்ததே அவ்வளவுதான். ஒரு கிண்ணம் பாயசம் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஹைதராபாத்தில் உங்கள் அபார்ட்மென்டில் எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரே பள்ளிக்குத்தான் போகிறார்கள் என்றும், வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் வேறு பெயரே சொல்வதில்லை என்றும் நீ சொன்னபோது எனக்கு அந்தப் பாயசம்தான் நினைவுக்கு வந்தது. அந்தப் பள்ளி நல்ல பள்ளியாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. யார் முதலில் அந்தப் பெயரைச் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருக்கிறது.

ஐந்து வயதில் நீ சித்தி வீட்டுக்குப் போனாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா இறங்கி வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு மேலே வருவார். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டவுடன் திரும்பக் கொண்டுபோய் விடுவார். வாந்தி எடுத்தது உண்மைதான். எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் கவரும் அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். ஆனால் நீ ஒருநாளும் அழவில்லை. மற்ற வீட்டுப் பிள்ளைகள் பஸ் படியைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது நீ பேசாமல் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொள்வாய். பிள்ளை தைரியசாலி என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அது தைரியம்தானா என்று அப்போது உன்னிடம் கேட்டிருக்கலாம்.

நீ நாலாவது படித்த வருடம், தை மாதம், என் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டோம். சாமை அறுப்பு முடிந்து, புளி உலுக்கும் வேலை ஆரம்பிக்கப் போகிற நேரம். அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் மளமளவென்று நின்றுவிடுவார்கள். மரத்தடியில் புளி பொறுக்க ஒரு ஆள் கூடினால் வீட்டுக்கு லாபம். அதை முந்திக்கொள்ளத்தான் கூட்டம். முப்பது நாற்பது பேர் வந்து வகுப்புத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நன்றாகப் பேசினேன். நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. இந்தப் பள்ளியை நம்புங்கள், உங்கள் பிள்ளையை எங்கள் கையில் கொடுங்கள், எட்டாவது வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி முடித்தபோது, பின்வரிசையில் இருந்து ஒருவர் கையைத் தூக்கினார். நாலாவது படித்த பூங்காவனத்தின் அப்பா காசி. அதிகம் பேசாத மனிதர்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனச்சிக்கக் கூடாது."

"கேளுங்கண்ணே."

"உங்க பையன் எங்கங்க படிக்குது?"

"கீழ, கலசபாக்கத்துல."

"அது ஏனுங்க அங்க?"

யாரோ ஒரு பெண் சிரித்தாள். தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காசிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. "சண்டைக்குக் கேக்கலீங்க. எங்களுக்கு இந்த ஸ்கூலப் பத்தி இன்னா தெரியும்? வாசல்ல வுட்டுட்டுப் போறோம். நீங்க உள்ள கீறவங்க. நல்லாக்கீதா இல்லையான்னு உங்களுக்குத்தான தெரியும்? நீங்களே உங்க புள்ளைய வேற எடத்துல போட்டுக்கிறீங்கன்னா எங்களுக்குத் தெரியாதது ஏதோ உங்களுக்குத் தெரியுது. அத எங்களுக்கும் சொன்னீங்கன்னா நல்லாருக்கும்."

இத்தனை வருட வேலையில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. அதிகாரிகள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. மருந்துச்சீட்டை நீட்டி இது எதுக்குங்க என்று கேட்பவரின் முகம்தான். நான் வாயைத் திறந்தேன். "பையனுக்கு இழுப்பு இருக்குண்ணே. மூச்சு வாங்கும். இந்த மலைக் குளிரு அவனுக்கு ஒத்துக்காது."

உனக்கு வாழ்நாளில் ஒருநாளும் இழுப்பு வந்ததில்லை. காசியின் முகம் மாறிவிட்டது. "அய்யய்யோ, சின்னப் புள்ளைக்கா" என்றார். சற்றுமுன் சிரித்த பெண் உச்சுக்கொட்டினாள். கூட்டம் முழுக்க உனக்காக வருத்தப்பட்டது. சுவர் ஓரமாக நின்றிருந்த பூங்காவனம் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காசி பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு பாட்டில் தேன், துணியில் முடிந்த காய்ந்த தூதுவளை. தேன் எடுப்பவர் வேறொரு மலைக்கிராமத்தில் இருக்கிறார், அங்கே நடந்துபோய் வாங்கி வந்திருக்கிறார். "காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூனு குடுங்க. எங்க அண்ணன் பையனுக்கு இதுலதான் நின்னுச்சு. பூங்காவனம் தெனம் புடுங்கி எடுக்குது, அந்தப் பையனுக்கு எடுத்துக்கினு போனியா போனியான்னு." நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல தேனு. யாருக்கு?" என்றார். சொன்னேன். "எனக்கே தெரியாம அவனுக்கு எப்ப இழுப்பு வந்துது?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நெஜம் இன்னா?" என்று கேட்டார்.

"நெஜம்னா?"

"அந்த ஆளுகிட்ட சொல்லியிருக்க வேண்டியது."

இங்கிலீஷ், கம்ப்யூட்டர், நல்ல பழக்கம், நாலு பேரோடு பழகுவது என்று நான் அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் அங்க கீறது. இங்க இன்னா இல்ல? அடுத்த வருஷம் இந்த ஸ்கூல்ல அஞ்சாவது நீதான எடுக்கப் போற? உன் பாடம் உன் புள்ளைக்குப் பத்தாதா?" உன் அப்பாவை உனக்குத் தெரியும். அவர் குத்திப் பேசுகிறவர் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடுகிறீர்கள் என்று கவுன்டரில் கேட்பாரே, அதே குரல். நான் கோபப்பட்டு எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்த குக்கரை மறுபடி தேய்த்தேன்.

தேய்த்துக்கொண்டே யோசித்தேன். நான் நல்ல ஆசிரியை என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அப்புறம் ஏன்? அன்று இரவு முழுதும் தோண்டியபோது, எனக்குள் எங்கேயோ ஒரு சின்ன வாக்கியம் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். "இந்தப் புள்ளைங்களுக்கு இது போதும்." நான் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்பவர்களைக் கண்டால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் தினமும் காலையில் பாடக் குறிப்பு எழுதும்போது அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன். ஒரு சோதனையைச் செய்து காட்டாமல் படத்தைக் காட்டி முடித்துக்கொண்டபோதெல்லாம் அதுதான் எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறது. சரவணா, உனக்கு நான் இதை எழுதுவதற்கு எவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன் தெரியுமா.

அந்தச் சனிக்கிழமை, அவிழ்க்காத தூதுவளை முடிச்சையும் தேன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு காசியின் ஊருக்கு நடந்தேன். வாசலில் அவர் மனைவி குப்பு சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். காசி கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணே, என் பையனுக்கு இழுப்பு இல்ல. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பொய் சொல்லிட்டேன்."

புடைக்கும் சத்தம் நின்றது. காசி என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பேசியது குப்புதான், காசியைப் பார்த்து. "அப்ப அது லாயக்கில்லாத ஸ்கூலுதான். டீச்சரே சொல்லிட்டாங்க. நான் சொன்னப்ப நீ கேட்டியா?"

அவள் மேலும் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. புளி முடிந்ததும் அவர்கள் குடும்பத்தோடு கீழே படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போவதாக இருந்தார்கள். பூங்காவனத்தையும் கூட்டிக்கொண்டு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. காசி கொஞ்சம் தயங்கியிருக்கிறார். அந்தத் தயக்கத்தோடுதான் கூட்டத்துக்கு வந்து என்னைக் கேட்டிருக்கிறார். டீச்சர் பையனுக்கு உடம்புக்கு முடியாததால்தான் கீழே படிக்கிறான், பள்ளிக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பி, பெண்ணை நிறுத்த வேண்டாம் என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறார். என் பொய்தான் அந்தப் பெண்ணைப் பள்ளியில் வைத்திருந்தது. என் உண்மை அவளைக் கரும்புக் காட்டுக்கு அனுப்பப் போகிறது. நான் அந்த வாசலில் நின்றுகொண்டு, எதற்கு இத்தனை தூரம் நடந்து வந்தோம் என்று நினைத்தேன்.

காசி மட்டும் கோபப்படவில்லை. "சரிங்க டீச்சர், அங்க அப்டி இன்னாதான் சொல்லித் தர்றாங்க, இங்க இல்லாதது?" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசை. நான் சொல்லிக்கொண்டு வந்தேன். இங்கிலீஷ்ல பேச வைக்கறாங்க. கம்ப்யூட்டர் ரெண்டு வச்சிருக்காங்க. ஷூ போடணும், டை கட்டணும்.

"டை எதுக்குங்க?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியலண்ணே."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. குப்பு சிரிக்கவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் நான் அதைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். "வர்ற ஜூன்ல என் பையன இங்க சேக்கறேன். பூங்காவனத்தோட ஒண்ணா அஞ்சாவது படிப்பான். நீங்க அவள நிறுத்தாதீங்க."

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அப்பாவைக் கேட்கவில்லை, சித்தியைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கவில்லை. பாட்டிலை நீட்டியபோது காசி வாங்கிக்கொள்ளவில்லை. "வச்சிக்கோங்க டீச்சர், சளிக்காவது ஆவும்." பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

இதுதான் நீ கேட்டதற்குப் பதில். மலைக்காற்று நல்லது, தாய்மொழியில் படிப்பது நல்லது, ஊர்ப் பிள்ளைகளோடு பழகுவது நல்லது என்றெல்லாம் பிற்பாடு நான் பேசியிருக்கிறேன். அவையும் உண்மையாக இருக்கலாம். ஆனால் உன்னை அழைத்து வந்தது உன் நன்மைக்காக இல்லை. இன்னொருவர் பெண் பள்ளியில் தொடர்வதற்காக, என் வார்த்தைக்கு ஈடாக, ஒன்பது வயதுப் பிள்ளையான உன்னை வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவங்கிட்ட கேட்டியா?" நான், "ஒம்பது வயசுப் புள்ளைகிட்ட இன்னா கேக்கறது?" என்று சொல்லிவிட்டேன். சித்தி, "எங்க வூட்ல அவனுக்கு இன்னா கொற வச்சேன்?" என்று அழுதாள். நான்கு வருடம் உன்னைத் தன் பிள்ளையாக வளர்த்தவள். அவளிடமாவது முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. குடியிருப்பில் டாக்டர் வீட்டு அக்கா, "உங்க கொள்கைக்குப் புள்ள வாழ்க்கையோட வெளையாடறீங்க" என்றார். கொள்கை என்ற வார்த்தை எனக்குப் பிடித்துப் போயிற்று. அதன்பிறகு நானே அதை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். ஆசிரியர் கூட்டங்களில் என்னை உதாரணமாகச் சொன்னார்கள். தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ என்ன செய்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அழவில்லை, சண்டை போடவில்லை. ஜூன் மாதம் முழுக்க வீட்டிலும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டாய். "டீச்சர், சோறு போடுங்க." "டீச்சர், என் சட்டை எங்க கீது?" அப்பா முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. நான் ஒவ்வொரு முறையும் "போடறேன்", "கொடியில கீது" என்று பதில் சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விடுவேன்.

பள்ளியில் சேர்ந்த இரண்டாம் நாள் இடைவேளையில் நீ என்னிடம் ஓடிவந்து காதில் சொன்னாய்: "டீச்சர், கக்கூசுக்குக் கதவு இல்ல." மூன்று வருடமாக இல்லை. எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் புதருக்குப் பின்னால் போவார்கள், ஒருத்தி காவல் நிற்பாள். நான் ஒரு மனு எழுதிப் போட்டிருந்தேன். மனு போட்டாயிற்று என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. நீ சொன்ன மறுநாள் லீவு போட்டுவிட்டு ஜமுனாமரத்தூரில் ஒன்றிய அலுவலக வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அந்த வாரமே தச்சர் வந்து கதவு மாட்டினார். திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு பூங்காவனம் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?" அப்பாவின் பெண். குரலில் குற்றச்சாட்டு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு நான் பாடம் நடத்திய விதம் மாறியது. நீ முதல் வரிசையில் உட்கார்ந்து, உன் அப்பாவைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு பார்ப்பாய். படத்தைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. மெழுகுவத்தி, கண்ணாடி டம்ளர், எலுமிச்சம்பழம், காந்தம் என்று தினமும் ஒரு பை தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் வீட்டு அக்கா ஒரு வருடம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ஜூனில் தன் சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் வந்து நின்றார். "கக்கூசுக்குக் கதவு போட்டாச்சாமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். கல்லூரியில் முதல் வருடம் ஒரு நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, "எல்லாம் இங்கிலீஷ்லயே நடத்தறாங்கம்மா, பாதிதான் புரியுது, கேள்வி கேக்கவே பயமாக்கீது" என்றாயே, அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்தாவதில் இருந்து என்னிடமே கேள்வி கேட்டு வளர்ந்தவன். உன்னைக் கேள்வி கேட்கப் பயப்படும் இடத்துக்குத் தயார் செய்யாமல் அனுப்பிவிட்டேன். நீ தேறி வந்தாய், உன் முயற்சியில். பூங்காவனம் பன்னிரண்டாவதில் ஒரு பாடம் தவறி, மறுபடி எழுதி, நர்சிங் முடித்து, இப்போது இங்கே ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். அவள் தம்பி எட்டாவதோடு நின்றுவிட்டான். அவனுக்காகவும் போய்ப் பேசினேன், நடக்கவில்லை.

இனி நான் சொல்லப் போவது அப்பாவுக்கே நேற்றுதான் தெரியும். போன மாதம் ரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பூங்காவனம்தான் கையில் பட்டையைக் கட்டினாள். ஏதோ ஒரு பெருமையில், அவள் வாயால் கேட்க வேண்டும்போல இருந்ததோ என்னவோ, கேட்டேன். "ஏன் பூங்காவனம், அன்னிக்கு நான் சரவணன இங்க சேக்காம இருந்திருந்தா உங்கப்பா உன்ன நிறுத்தியிருப்பாரு இல்ல?"

"பேசாதீங்க டீச்சர், பிரஷர் ஏறும்" என்றாள். காற்றை இறக்கி, எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு சொன்னாள். "இல்ல டீச்சர். அப்பா அதுக்கு முன்னாடியே எங்க மாமன்கிட்ட பேசி வச்சிட்டாரு. அவங்க கரும்பு வெட்டப் போனாலும் நான் மாமன் வூட்ல இருந்து இங்கயே படிக்கறதுன்னு. அம்மாவுக்குத்தான் தெரியாது."

"அப்ப அவரு ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க பையனக் கூட்டியாறேன்னு சொன்னதும் அப்பாவுக்கு அவ்ளோ சந்தோஷம். வேணாம்னு சொல்ல மனசு வரல. எனக்கும்தான். அந்தப் பையன் எப்டி இருப்பான்னு பாக்கணும்னு ஆசையாக்கீந்துச்சு." சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. இருபத்து நான்கு வருடம் ஒரு பெண்ணின் படிப்புக்காக என் பிள்ளையைக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் குற்ற உணர்வும் இருந்தது, ரகசியமாக ஒரு கர்வமும் இருந்தது. இரண்டுக்கும் இடமில்லாமல் போய்விட்டது. நான் அழைத்து வராவிட்டாலும் அவள் படித்திருப்பாள். அப்படியென்றால் உன்னை எதற்கு அழைத்து வந்தேன்? இதைத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் இரண்டு வாரத்தில் நீயும் அதே கேள்வியைக் கேட்டாய். பயந்துபோய்த்தான் வாந்தி என்று சொன்னேன்.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, "அப்ப நான் எதுக்குத்தாங்க அப்டி செஞ்சேன்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உனக்கு அவன் வூட்ல இருக்கணும்னு இருந்துது. ஞாயித்துக்கிழம பஸ்சு போனப்புறம் நீ ரோட்டையே பாத்துக்கினு நிப்ப. நான் கடைசி பஸ்சுல திரும்பி வர்றப்பவும் அங்கயேதான் நிப்ப" என்றார். எனக்கு அப்படி நின்றதாக நினைவே இல்லை. அந்த எட்டு வீட்டில் பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது படிக்காதவர்கள் செய்கிற காரியம் என்று ஒரு நினைப்பு. யாரும் அதைச் சொல்லமாட்டோம். எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. உன்னை வீட்டுக்கு அழைத்து வர எனக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்பட்டிருக்கிறது. யார் முன்னாலும் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய காரணம். காசி அறியாமலேயே அதை என் கையில் கொடுத்திருக்கிறார்.

யாழினியை எங்கே சேர்க்கலாம் என்று நான் சொல்லப் போவதில்லை. நித்யா சொல்வதில் நியாயம் இருக்கிறது, நீ சொல்வதிலும் இருக்கிறது. இரண்டு பள்ளிக்கும் நேரில் போங்கள். கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்கள் என்னைப் போல ஏதாவது சொல்லி மழுப்பினால் கோபப்படாதீர்கள், அதற்கும் ஏதாவது காரணம் இருக்கும். முடிவு எதுவானாலும், அதை எதற்காக எடுத்தீர்கள் என்று நீங்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் உண்மையாகச் சொல்லிக்கொள்ளுங்கள். மூன்றரை வயதுதானே என்று விட்டுவிடாமல் அவளிடமும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். கேட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

நான் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். சித்தி வீட்டிலா, என் வகுப்பின் முதல் வரிசையிலா, ஒன்பது வயதில் உனக்கு எங்கே இருக்க வேண்டும்போல இருந்தது? கீழேயே இருந்திருக்கலாம் என்று நீ நினைத்திருந்தால் அதை அப்படியே சொல். எனக்காக மாற்றிச் சொல்லாதே. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா